ஒரு மெயிலுக்கு ஒரு திருத்தம்

கணினியின் கர்னலுக்குள், அதாவது அதை இயக்கும் மைய மென்பொருளுக்குள், நிரல் எழுதக் கற்பவர்களுக்கென்று நானும் கிரணும் தமிழில் ஓர் இணையக் கையேடு எழுதினோம். ஆவடியில் ஒன்றாகப் படித்தபோது ஆரம்பித்தது. இரண்டு வருடம் முன்பு அவன் மியூனிக் போனான், கூடவே வா என்றான். அம்பத்தூர் வேலையையும் அம்மாவையும் விட்டுவிட்டு எப்படி வருவதாம் என்று சண்டை போட்டேன். அதோடு பேச்சு நின்றது. கையேடு மட்டும் நிற்கவில்லை. நான் திருத்தம் அனுப்புவேன், அவன் சேர்ப்பான், "சேர்த்தாச்சு, நன்றி" என்று பதில் வரும்.

ஒரு மெயிலுக்கு ஒரு திருத்தம்தான் என்பது எங்கள் விதி. அதைச் சாக்காக வைத்து, பத்துப் பிழை கண்ணில் பட்டாலும் வாரத்துக்கு ஒன்றாகவே அனுப்பினேன். அவன் இல்லாமல் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை.

ஏப்ரலில் எல்லாம் தீர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. முதல் பாடத்தில், அப்டேட் முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்யவும் என்ற வரி இல்லை. செய்யாவிட்டால் பழைய கர்னலே ஓடிக்கொண்டிருக்கும், எழுதும் நிரல் அதில் ஏறாது. இதையும் அனுப்பிவிட்டால் அப்புறம் அவனுக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது? வைத்துக்கொண்டேன்.

போன வாரம் திருவேற்காட்டிலிருந்து எழிலரசி என்ற கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள். "அக்கா, மூணு நாளா முதல் பாடத்துலயே நிக்கிறேன். நேத்து அழுதுட்டேன். எனக்கு இதெல்லாம் வராது போல. விட்டுடறேன்."

லேப்டாப்பை இப்போது யார் அணைக்கிறார்கள், மூடி வைப்பதோடு சரி. நான் அனுப்பாமல் வைத்திருந்த அந்த வரி இல்லாமல்தான் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. என் ஆசைக்கு இவள் ஏன் தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டும்? அவளுக்கு வழி சொல்லிவிட்டு, காலையில் வேலைக்குப் போக வேலப்பன்சாவடி ஸ்டாப்பில் நின்றபடியே அந்த வரியைக் கிரணுக்கு அனுப்பினேன்.

ஷேர் வேன் வானகரம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. மியூனிக்கில் விடிந்துகூட இருக்காது.

"சேர்த்தாச்சு, நன்றி. இந்த வரி இல்லேன்னு எனக்குப் போன வருஷமே தெரியும் ஹேமா. நீ அனுப்புவேன்னுதான் விட்டுவெச்சிருந்தேன்."

படுபாவி. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெண்ணை அழவைத்திருக்கிறோம். கோபமாகத்தான் டைப் செய்ய ஆரம்பித்தேன், பாதியில் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை.

"அறிவிருக்கா உனக்கு? எப்படிடா இருக்கே? ஒரு தடவை வந்துட்டுப் போயேன்."