மேலே நின்றவன்

இளவழகன் குடத்தைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் அவன் அம்மா மீனம்பாள் எழுந்து வந்து அதன் வாயை உள்ளங்கையால் மூடிவிட்டாள். தண்ணீர் தளும்பி அவள் முழங்கை வழியாக ஒழுகியது.

"நீ ஊத்தாத."

மேளம் நின்றது. தெருக்குழாயிலிருந்து ஈரவேட்டியோடு அவன் பின்னால் வந்த பங்காளிகளும் நின்றார்கள். வாசலில் பெஞ்சின் மேல் ராஜாராம் வெள்ளைத்துணிக் கட்டாகக் கிடந்தார். முகம் மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டியதைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கால்மாட்டில் மூன்று குடம் ஊற்றினால் போதும் என்று பேசி முடித்திருந்தார்கள். முதல் குடம் மகன் கையால்.

"யக்கா, இன்னா இது?" என்றான் மீனம்பாளின் தம்பி தனசேகரன். "ஒரே புள்ள. அவன் ஊத்தாம வேற யாரு ஊத்தறது?"

"பெத்தவன் உள்ள கெடந்து துடிச்சப்ப மேல நின்னு பாத்துக்கினு இருந்தான் இல்ல? அந்தக் கை அவர் மேல பட வேணாம்."

தலைமாட்டில் துண்டால் ஈ விரட்டிக்கொண்டிருந்த கலைச்செல்வி தன் தம்பி இளவழகனைப் பார்த்தாள். அவனுக்கு இருபத்துநாலு வயது. நாலு வருடமாக மில்லில் மூட்டை தூக்கி இறுகிய தோள். அந்த உடம்பே இப்போது அவனுக்கு எதிரான சாட்சியாக நின்றது. இவ்வளவு பலம் இருந்தும் இறங்கவில்லையே என்று ஒவ்வொரு கண்ணும் கேட்டது.

நேற்று மூன்று மணிக்கு, திருவண்ணாமலை ரோட்டு ரைஸ்மில்லில், நெல் ஊறிய தண்ணீர் போய்ச் சேரும் கழிவுத்தொட்டியில் மோட்டார் குழாய் அடைத்துக்கொண்டது. அங்கே முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்த ராஜாராம் அடைப்பெடுக்க இறங்கினார். ஏணியின் பாதியிலேயே விழுந்தார். மேலே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மகன். இன்னொருவர் ராஜாராமின் கூட்டாளி முருகையன். முருகையன் உடனே ஏணியில் கால் வைத்தார். இளவழகன் அவரை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, தீயணைப்பு வண்டி வரும்வரை விடவில்லை. முகமூடி போட்ட ஆளைக் கயிறு கட்டி இறக்கித்தான் ராஜாராமைத் தூக்கினார்கள். இதையெல்லாம் தெருவுக்குச் சொன்னவர் முருகையன்.

இப்போதும் சொன்னார். "கைக்கு எட்டற தூரந்தாம்மா. நாலு படி எறங்கனா சட்டையப் புடிச்சித் தூக்கியிருப்பேன். உட்டானா இவன்? மொதல கவ்வன மாதிரி கவ்விக்கினான்."

"அவன் கவ்வனதாலதான் மாமா நீங்க நின்னு பேசறீங்க," என்றாள் கலைச்செல்வி.

முருகையன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அழுது சிவந்த கண்கள். நாடகமில்லை. அதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது.

"அதுக்குள்ள இருந்தது காத்தே இல்ல மாமா, விஷம். ரெண்டு மூச்சு இழுத்தா கால் மடங்கிடும். நீங்க எறங்கியிருந்தா இன்னிக்கு ரெண்டு பொணம் கெடக்கும்."

"இன்னா பொண்ணே, எனக்கே சொல்றியா? நானும் உங்கப்பனும் எத்தினி வாட்டி எறங்கியிருக்கோம் அதுல. எனக்குக் காத்து தெரியாதா?"

"படிச்சவங்க இல்லியா, நல்லாத்தான் பேசுவாங்க," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "வயிறு எரியறவங்களுக்கு இதெல்லாம் தோணுமா?"

கலைச்செல்வி ஒரகடம் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் எட்டு வருடமாகப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பொறியாளர். தெருவில் அவளுக்கு சேஃப்டி மேடம் என்று பெயர். பாதி பெருமை, பாதி கிண்டல். அங்கே ஒரு தொட்டியில் ஆள் இறங்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நச்சுவாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். இறங்குபவன் இடுப்பில் கயிறு. வாசலில் ஒருவன், வேறு எந்த வேலையும் செய்யாமல் அவனையே பார்த்துக்கொண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வாள். உள்ளே விழுந்தவரைப் பார்த்து நீங்கள் இறங்காதீர்கள், யாராக இருந்தாலும். அதை ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லவும் வைப்பாள். வாய் சொன்னால்தான், மூளை மறந்துபோகும் நேரத்தில் உடம்பு நினைவு வைத்திருக்கும்.

"அவன் மேல தப்பு இல்லம்மா," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான்தான் சொன்னேன். பொங்கலுக்கு வந்தப்ப."

அந்த நாள் தெளிவாக இருந்தது. மில்லுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் அவளால் சாப்பிட முடியவில்லை. தம்பியை உட்கார வைத்துச் சொன்னாள். அவன் வாயில் கரும்பு. "நைனாவா இருந்தா?" என்று சிரித்தான். "நைனாவா இருந்தாலும். சொல்லு." "சரிக்கா." "சரின்னு இல்ல, வாயத் தொறந்து சொல்லு." சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

மீனம்பாள் குடத்தின் மேலிருந்து கையை எடுக்காமலே மகளைப் பார்த்தாள்.

"நைனாவா இருந்தாலும்னா சொன்ன?"

"ஆமாம்மா."

சொல்லிவிட்டால் பாரம் தம்பியின் தோளிலிருந்து தன் தோளுக்கு மாறிவிடும் என்று நினைத்திருந்தாள். அம்மா தன்னை அடிப்பாள், அதற்குப் பிறகு அவனைத் தண்ணீர் ஊற்றவிடுவாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

மீனம்பாள் மகன் பக்கம் திரும்பினாள். "அவ சொல்லுவா. அவ ஊர்ல இல்லாதவ. கண்ணெதிர்ல பாத்தவன் நீ. உனக்கு எப்டிடா காலு நின்னுச்சி? நீயும் போயிருந்தாகூட நான்..."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மீதியை அவள் சொல்லவில்லை. ஆனால் தெரு முழுவதும் அது கேட்டுவிட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முருகையா, நீ ஊத்து. ரெண்டு பேரும் எட்டப் போங்க."

மேளக்காரர் தனசேகரன் காதருகே குனிந்து, அவலூர்பேட்டையில் இன்னொரு சாவுக்கு ஒத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "அடிய்யா, அடி," என்றான் தனசேகரன் எரிச்சலோடு.

அக்காவும் தம்பியும் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார்கள். அங்கிருந்து ராஜகிரி மலையின் ஒரு பக்கம் தெரியும். வெயிலில் பாறைகள் வெளுத்துப்போயிருந்தன.

"அக்கா, நான் புடிச்சது சரிதான?"

"சரிதான்." வகுப்பில் சொல்வதுபோல் உடனே சொல்லிவிட்டாள்.

"நைனா சும்மா எறங்கலக்கா. சோதிச்சிப் பாக்காம எறங்காதன்னு நீ சொன்ன இல்ல? கெணறு வெட்டறவங்க செய்ற மாதிரி பக்கெட்ல மெழுகுவத்தி ஏத்தி உட்டாரு. அடி வரைக்கும் நல்லா எரிஞ்சிது. 'டேய், உங்கக்காகிட்ட சொல்லு, டெஸ்ட் பண்ணிட்டுதான் எறங்கறேன்'னாரு. நாலு படி எறங்கனதும், 'ஒண்ணுமில்லடா, நாத்தமே போயிடுச்சி'ன்னாரு. அவ்ளோதான்."

கலைச்செல்வி தொட்டிச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் மட்டுமே மெழுகுவத்தி அணையும். விஷவாயு இருந்தால் அணைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை. மூக்கு செத்துவிட்டது என்று பொருள். பொங்கலுக்கு வந்தபோது அவரிடமும் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். எதைக்கொண்டு என்று சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியதால், கேட்கப் போவதில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிட்டாள். அவர் கேட்டிருக்கிறார்.

இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். சொன்னால் அவனுக்குப் பாதி பாரம் இறங்கும். அவள் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை கேட்டுக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போதே தெரிந்தது.

"கண்ணு தொறந்து இருந்திச்சிக்கா. என்னியேதான் பாத்தாரு."

"அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுடா. மயக்கம்."

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் காட்டும் படங்களில் விழுந்தவர் இருப்பார். அவரைக் காப்பாற்றப் போய் இறந்தவர் இருப்பார். பாதிக்கு மேல் அப்படித்தான் சாகிறார்கள் என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்துவாள். கூட்டம் அமைதியாகிவிடும். அந்த அமைதியை வெற்றி என்று நினைத்திருக்கிறாள். இறங்காமல் மேலே நின்றவன் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. மறுநாள் அவன் என்ன செய்வான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று அவளை யாரும் கேட்டதுமில்லை.

மகன் இடத்தில் தலை மழித்துக்கொண்ட முருகையன் பாடைக்கு முன்னால் நடந்தார். இளவழகன் கூட்டத்துக்குக் கடைசியில், இருபது அடி விட்டு நடந்தான். பெண்கள் ஏரிமுனையோடு நின்றுவிட்டார்கள். கலைச்செல்வி தம்பியோடு நடந்துகொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

செஞ்சியில் எங்கே தோண்டினாலும் பாறை தட்டும். ஏரியோரம் மண் இளகியிருந்ததால் ஆள் உயரத்துக்கு மேலேயே தோண்டிவிட்டிருந்தார்கள். தலைப்பக்கம் முருகையன் இறங்கினார், கால்பக்கம் ஒரு பங்காளிப் பையன். உடலை வாங்கிக் கிடத்தினார்கள். வடக்குத் தெற்கு பார்த்துச் சரிசெய்தார்கள். பையன் கையை ஊன்றி ஒரே எம்பில் மேலே வந்துவிட்டான். முருகையனால் முடியவில்லை. அறுபது வயது. ராத்திரியெல்லாம் அழுத உடம்பு. விளிம்பைப் பிடித்தால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு தடவை சறுக்கிப் பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாராச்சும் கை குடுங்கப்பா," என்றது குழிக்குள்ளிருந்து வந்த குரல்.

மேலே இருந்தவர்கள் கயிற்றை உருவிக்கொண்டும் மாலைகளைப் பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் இளவழகன் குழியருகே போய்விட்டான். விளிம்பு சரியாமலிருக்கக் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு முருகையனின் மணிக்கட்டுகளைப் பிடித்தான். முருகையன் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரும் பிடித்துக்கொண்டார்.

மேலே வந்து முட்டிபோட்டு இருமினார். வேட்டியில் கையைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல் ஒரு பிடி மண் எடுத்து உள்ளே போட்டார்.

இளவழகன் எழுந்திருக்கவில்லை. முகம் குழிக்கு மேல் நீட்டியிருக்க, கைகள் உள்ளே தொங்க, அப்படியே படுத்திருந்தான். மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கோப்பா," என்றார் ஒருவர், மெதுவாகத்தான்.

அவன் கைகளை மட்டும் மேலே இழுத்துக்கொண்டான்.