இடது முன்சக்கரத்தின் சத்தம்

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகும்போதுதான், நேற்று ஒரு காரின் முன்சக்கரத்தடியிலிருந்து கழற்றிப் போட்ட லிங்க் கம்பி மெக்கானிக்கின் கண்ணில் பட்டது. சும்மா எடுத்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வைஸ் இடுக்கியில் இறுக்கி முறுக்கினார். முனை இரண்டும் கல்லுப்போல நின்றன. தேய்ந்ததென்றால் அவை லொடலொடவென்று ஆடியிருக்க வேண்டும்.

அந்த லிங்க் அவருடைய அக்கா வீட்டுக்காரரின் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம், வயது முப்பத்துநாலு, அத்தானுக்கு அதன் மேல் உயிர். "வளைவுல திரும்பினா முன்னாடி இடது பக்கம் 'டொக்'குங்குது மச்சான். பிரேக் போட்டா இன்னொரு தடவை" என்று கொண்டுவந்து விட்டிருந்தார். மெக்கானிக் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார். எதுவும் ஆடவில்லை. இந்த வயசு வண்டியில் லிங்க்தான் போயிருக்கும் என்று புதிதாக ஒன்றை மாட்டி, அந்தப் பக்கமெல்லாம் கிரீஸ் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். சத்தம் போன இடம் தெரியவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க அத்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

லிங்க் நன்றாக இருந்ததென்றால் சத்தம் போட்டது யார்? அந்த இடத்தில் மிச்சமிருப்பது ஒன்றுதான்: சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கீழ் பால் ஜாயின்ட். வண்டியின் பாரம் இருந்தால்தான் அது ஆடும். அவரோ வண்டியைத் தூக்கிவைத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். கிரீஸ் அதன் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்திருக்கிறது, அவ்வளவே. ஜாயின்ட் கழன்றுகொண்டால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும்.

காலையில்தான் அத்தானும் அக்காவும் அந்த வண்டியில் மலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அத்தானின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவுடையது அணைந்து கிடந்தது. சாப்பாட்டை மூடக்கூட இல்லாமல் மெக்கானிக் வேனை எடுத்தார்.

மலைப்பாதையில் முதல் வளைவிலிருந்தே அவர் கண் ஓரத்தடுப்பின் மேல்தான் இருந்தது. எங்கேயாவது புதிதாக நசுங்கியிருக்கிறதா, டயர் தேய்ந்த கறுப்புக் கோடு தெரிகிறதா. ஓரிடத்தில் நாலைந்து பேர் கூடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேனை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். அருவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மறைக்குது" என்றார் ஒருவர்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, ஓர் உணவகத்தின் முன்னால் அந்தப் பச்சை வண்டி முழுசாக நின்றது. அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, முகம் இப்படி வெளுத்திருக்கு? வீட்ல யாருக்காவது..." என்று அக்கா ஓடி வந்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. அத்தான், சத்தம் திரும்ப வந்துச்சா?"

"லேசா. பழைய வண்டின்னா ரெண்டு வார்த்தை பேசத்தான் செய்யும்."

"லேசாவா? அஞ்சாறு வளைவா இடி மாதிரி கேக்குது. சொன்னா, என் கைப்பையில சாவி குலுங்குதாம்!" என்றாள் அக்கா.

மெக்கானிக் தரையில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஜாயின்ட்டைப் பற்றிக்கொண்டார். "அக்கா, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பு." அவள் உள்ளே ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். உள்ளங்கைக்குள் ஜாயின்ட் எகிறியது. டொக்.

"அத்தான், இது இனிமே ஒரு அடி நகரக் கூடாது. தப்பு என் மேலதான். நான் சரியாப் பாக்கல."

"இருபத்தாறு வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா? மெதுவா இறக்கிடறேன்."

"அப்போ என் பையை எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க. நான் தம்பியோட வர்றேன்" என்று அக்கா இறங்கிவிட்டாள்.

அத்தானுக்கு அது சுருக்கென்று தைத்தது. "வழியில நிக்குது, ஓரமாவாவது விடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறியவர், மெக்கானிக் கையை நீட்டுவதற்குள் பின்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, பிரேக்கை மிதித்தார்.

மடார் என்றது. வண்டியின் இடது முன்பக்கம் தரையில் மண்டியிட்டது. சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மொத்தமாக நகர்ந்தது இரண்டு கஜம் இருக்கும்.

மெக்கானிக் மடங்கிய சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தானும் இறங்கிப் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தார்.

"கடைசி வளைவுல அறுபதுல வந்தேன்" என்றார் கம்மிய குரலில். "அவகிட்ட சொல்லாதே."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள் பின்னால் நின்ற அக்கா. காரிலிருந்து தன் பையை அவளே எடுத்துக்கொண்டாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் வேனின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து இறங்கினார்கள். இரண்டாவது வளைவில் எதுவோ கடகடவென்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஸ்பானர் பெட்டி" என்றார் மெக்கானிக்.

"நிச்சயமா?" என்றாள் அக்கா.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவர், வேனை ஓரம்கட்டிவிட்டு இறங்கினார்.