ஓடிப்போகும் படம்

நீரில் மூழ்கியவர்களுக்கு எப்படி முதலுதவி செய்வதென்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பது கலைவாணியின் வேலை. சுண்ணாம்புக்குளம் அன்றைக்கு மூன்றாவது ஊர். தொண்டை கட்டிப்போயிருந்ததால் பேச்சைக் குறைத்து, டிவியில் இரண்டு நிமிட அனிமேஷன் படத்தை ஓடவிட்டாள்.

"புரிஞ்சுதா?" என்றதும் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மற்ற ஊர்களில் அத்தோடு கிளம்பியிருந்தாள். இங்கே என்னவோ தோன்றி, ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, "யாராவது செஞ்சு காட்டுங்க" என்றாள்.

ஏரியில் இறால் பிடிக்கும் கஸ்தூரியம்மாள் வந்து பொம்மையின் வயிற்றை அமுக்கினாள்.

"படத்துல நெஞ்சுலதானே அமுக்குனாங்க?"

"இன்னா பண்றது? கை எங்க வெக்கறாங்கன்னு பாக்கறதுக்குள்ள ஓடிப்போவுது. நிறுத்தி நிறுத்திக் காட்டும்மா."

காலையில் தலையாட்டிய இரண்டு ஊர்களிலும் யாருக்கும் புரிந்திருக்காது என்று கலைவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கெல்லாம் மறுபடி போயாக வேண்டும். பொன்னேரி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. ஆனாலும் படத்தை முதலிலிருந்து வைத்து, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தினாள். நிறுத்தியபோதெல்லாம் கஸ்தூரியம்மாள் பொம்மையில் செய்து பார்த்தாள். ஐந்தாவது தடவை அவள் உள்ளங்கை சரியாக நடுநெஞ்சில் இறங்கியது.

"இப்பதான் புடிபட்டுச்சு" என்று எழுந்தாள். அந்த இடத்தில் அடுத்தவள் வந்து மண்டியிட்டாள். பஸ் போய்விட்டிருந்தது. கலைவாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே படத்தை மறுபடி வைத்தாள்.