மௌனம் செல்லாது

பாஜிலா உத்தமபாளையம் கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டில் யாரும் அவளிடம் சாதாரணமாகப் பேச முடியாமல் போயிற்று. தேனி ஜவுளிக்கடையில் நல்ல ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சுபைதா சொன்னால், "அது ஆஃபரே இல்லம்மா. கடைக்கு வாங்கன்னு கூப்புடுறாக, அம்புட்டுத்தான். நாம கேக்குறதுதான் சட்டத்துல ஆஃபர்" என்பாள். மகளுக்குக் கல்யாணச் சேலை வாங்கப் போகிற நேரத்தில் இந்தக் கச்சேரி தேவையா?

மாப்பிள்ளை நௌஷாத், போடி ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பாஜிலாவுக்கு ஆளை ரொம்பவே பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போக விடுவார்களா என்பதுதான் ஒரே கவலை. அவளைப் பெற்ற அத்தா ராஜா முகம்மது மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"கன்சிடர் பண்றோம்னு சொன்னாக."

"பாக்கலாம்னு சொல்லியிருக்காக அத்தா. சட்டத்துல கன்சிடரேஷன்னா வாங்குறதுக்கு ஈடா ஏதாவது குடுக்கணும். இவுக என்னத்தக் குடுத்தாக?"

"அட ஆத்தா, மாப்பிள்ளையவே குடுக்குறாகள்ல!"

நிக்காஹ் அன்று கம்பத்து மண்டபத்தில், தாய்மாமா அலி அக்பர் இரண்டு சாட்சிகளோடு பெண்கள் பக்கம் வந்து சம்மதம் கேட்டார். பெண் தலைகுனிந்து பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "வாயத் தொறந்துறாத" என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பாஜிலா படித்த ஒப்பந்தச் சட்டத்தில் மௌனம் செல்லாது. இங்கே செல்லும், அதன்பிறகு அப்பீலும் கிடையாது. பயத்தோடுதான் தலையை நிமிர்த்தினாள்.

"மாப்பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. ஆனா நான் கோர்ட்டுக்குப் போவேன். அதுக்கு அவுக சரின்னு சொல்லட்டும், நானும் சம்மதம் சொல்றேன்."

சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அலி அக்பர் தங்கை பக்கம் திரும்பினார்.

"என்ன சுபைதா, உம் மக இப்படிப் பேசுறா? சம்மதம்னு போய்ச் சொல்லிரவா?"

அம்மா இப்போது தலையில் குட்டப் போகிறாள் என்று பாஜிலா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"வேணாம்ணே" என்றாள் சுபைதா. "எனக்கும் மேல படிக்கணும்னு ஆசை இருந்துச்சு. நீங்க வந்து கேட்டப்ப தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். சம்மதம்னு போய்ச் சொல்லிட்டீக. இவளுக்குப் பதில் வாங்கிட்டு வாங்க."

அலி அக்பர் ஆண்கள் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில், நடுவே கட்டியிருந்த திரைக்கு அப்பாலிருந்து நௌஷாதின் குரல் கேட்டது. "தாராளமாப் போகட்டும்!"

பாஜிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுபைதா மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இப்பச் சொல்லு, ஆத்தா. சத்தமாச் சொல்லு."