அதிகப்படியான ஒரு கால்

சின்ன வயதில் வீட்டுச் சுவர்களை ஒன்று விடாமல் கோடு போட்டு நாசம் செய்ததால் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். கிறுக்குகிறவள் என்றும் கொள்ளலாம், கிறுக்குப் பிடித்தவள் என்றும் கொள்ளலாம். அது கூப்பிடும் அக்காவின் அன்றைய குரலைப் பொறுத்தது.

ஓவிய ஆசிரியர் பயிற்சியில் கிறுக்கிக்கு அது கடைசி வருடம். இதுவரை நாற்பத்தாறு பாடத்திட்டங்கள் எழுதியிருந்தாள். வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் வரையச் சொல்வதில்லை. வரையக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று எழுதச் சொல்வார்கள். நீச்சல் தெரிந்தவளைக் கரையில் உட்கார வைத்து, தண்ணீரைப் பற்றிக் கட்டுரை கேட்பது மாதிரி.

ஆறு வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினால்தான் சான்றிதழ். அவளை அனுப்பிய பள்ளியில் ஓவிய அறை இருந்தது. அதில் பாதி இடத்தை உடைந்த பெஞ்சுகளும் காற்றுப் போன பந்துகளும் பிடித்திருந்தன. ஓவிய ஆசிரியரும் இருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், பரிசுச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவதற்கென்று அவரை அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

"நான் ஒரு பூ வரைஞ்சு எட்டு வருஷம் ஆச்சும்மா. இப்ப என் கைக்கு இனிஷியல் மட்டும்தான் வரும்" என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

முதல் நாள் அவளுக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. முப்பத்தெட்டு பிள்ளைகள். பாடம், குதிரை. கிறுக்கி கரும்பலகையில் வரைய ஆரம்பித்தாள். கழுத்து நன்றாக வந்தது, முதுகும் வந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் மேசைக்கால் போல விறைத்து நின்றது. அதன் பக்கத்திலேயே கொஞ்சம் மடக்கி இன்னொரு கால் போட்டுப் பார்த்தாள். அது உயிரோடு இருந்தது. பழைய காலை அழிக்கத் துணியை எடுத்த நேரத்தில் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்.

திரும்பி வருவதற்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் கடைசி பெஞ்சில் கல்லூரி மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் முப்பத்தெட்டுக் குதிரைகளும் தயார். அவள் கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஐந்து கால்.

மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "அருமை! மாதிரிக்கும் பிள்ளைங்க படத்துக்கும் இவ்வளவு ஒற்றுமையை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"சார், அதுல ஒரு கால் அதிகம்."

"எண்ணுறது கணக்கு டீச்சர் வேலைம்மா. நாம பாக்கிறது ஒற்றுமை." தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டார். பிறகு ஒரு தாளைத் தனியே எடுத்து நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் பொண்ணுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை."

அந்தத் தாளில் குதிரைக்கு நான்கு கால். ஐந்தாவது கால் இருந்த இடத்தில் ஓட்டை. அழித்து அழித்தே தாளைக் கிழிக்கிற பெண் அவள். வகுப்பே அவளை ரப்பர் என்றுதான் கூப்பிட்டது.

"எனக்கு எண்ணத் தெரியும் டீச்சர்" என்றாள் ரப்பர், அழப்போகிற குரலில். அவளைத் திருத்துவதற்காகக் கிறுக்கி நாற்பத்தேழாவது பாடத்திட்டம் எழுத வேண்டியதாயிற்று.

வீட்டில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சாதிச்சவங்களைப் பார்த்திருக்கேன். நீ ஒரு படி மேலடி. குதிரைக்கு அஞ்சு கால் வச்சவளுக்கு அறிவும் அஞ்சுதான் இருக்கும்."

"நாளைக்கு அழிச்சிடுவேன் அக்கா."

அழிக்க முடியவில்லை. மறுநாள் அவள் துணியைத் தூக்கியதுமே வகுப்பு கொதித்தது. எல்லோரும் வண்ணம் தீட்டி முடித்திருந்தார்கள். "நீங்கதானே டீச்சர் போட்டீங்க?" என்றான் வகுப்புத் தலைவன். தலைமையாசிரியையிடம் போனாள். அவரோ படங்களைப் போட்டோ எடுத்துக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். நான்காம் நாள் பாராட்டுக் கடிதம் வந்தது: 'புதுமையான கற்பித்தல்'. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இரண்டு பெற்றோர் வந்து, தங்கள் பிள்ளையின் குதிரையில் ஐந்தாவது கால் சரியாகத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

தப்பாகப் போட்ட காலைப் பற்றிக் கிறுக்கிக்குக் கவலையில்லை. வரைகிறவன் தப்பாகத்தான் போடுவான். அந்தத் தப்புக் கோடுதான் சரியான கோடு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். தன் கை தேடியதைப் பிள்ளைகள் பார்த்திருந்தால் அது பாடம். அவர்கள் பலகையை மட்டும் பார்த்தார்கள். குதிரையை யாருமே பார்க்கவில்லை. யோசித்தால், அவளும் பார்த்திருக்கவில்லை.

அதனால் பூங்கா வாசலில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவருகிற குதிரைக்காரரிடம் போய்க் கெஞ்சினாள். ஒரு வியாழக்கிழமை காலை அவர் குதிரையோடு வந்தார். பள்ளிக் காவலாளி சட்டம் தெரிந்தவர். வருகையாளர் நோட்டில் இரண்டு பெயர் எழுதினார். குதிரைக்கு எதிரே, வந்த நோக்கம்: பாடம். சந்திக்க வேண்டியவர்: ஐந்தாம் வகுப்பு.

மைதானத்தில் முப்பத்தெட்டு பிள்ளைகளும் குதிரையைச் சுற்றி நின்றார்கள். தலைமையாசிரியையும் வந்து நின்றார். எல்லோரும் குனிந்து குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் தேடினார்கள். வகுப்புத் தலைவன்தான் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"டீச்சர், இதுக்கு ஒரு கால் இல்ல."

"ஐயோ, பாவம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு பெண் குதிரையின் விலாவை ஆறுதலாகத் தடவிக்கொடுத்தாள்.

தலைமையாசிரியை குதிரைக்காரரின் காதருகே குனிந்தார். "உங்ககிட்ட வேற குதிரை இருக்கா?"

குதிரைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், ஏழு வருஷமா இது நாலு கால்லதான் நடக்குது. இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல!"

கிறுக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை எடுத்து நீட்டினாள்.

"எத்தனை காலுன்னு எண்ண வேணாம். எனக்கும் தெரியாதுன்னே வச்சுக்கோங்க. எது கண்ணுக்குத் தெரியுதோ அதைப் போடுங்க."

"அது அசையுது டீச்சர்!"

"அசையட்டும். நீங்களும் சுத்தி வாங்க."

அவளும் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் கோடு பாதியில் நின்றது. இரண்டாவது கோணலாகப் போயிற்று. பிறகு குதிரை தலையைத் திருப்பி அவள் பக்கம் மூச்சு விட்டது. அந்த ஈரமான மூக்கைத் தவிர அவள் கண்ணில் வேறொன்றும் படவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் முப்பத்தெட்டு பேர் இருக்கிறார்கள் என்பதையே மறந்துபோனாள். பிள்ளைகளும் அவளை மறந்திருந்தார்கள். ஒருவன் வாலை மட்டும் பதினோரு தடவை வரைந்திருந்தான், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போயிற்று. வகுப்புத் தலைவன் முதலில் பழக்கதோஷத்தில் ஐந்து காலைப் போட்டான், நிமிர்ந்து பார்த்தான், குழம்பினான், கடைசியில் குனிந்து குதிரையின் வயிற்றை அடியிலிருந்து வரைந்துகொண்டிருந்தான்.

மேற்பார்வையாளர் வந்தபோது மைதானம் முழுக்கத் தாளாகக் கிடந்தது. "மாதிரி எங்கம்மா?"

"அதோ நிக்குது சார்."

"அது அசையுதே! அசையிறதோட எதை ஒப்பிடறது?" தாள்களைப் புரட்டினார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒற்றுமை என்ற கட்டத்தில் சுழியம் போட்டார். மொத்தம் நாற்பத்தொன்று, நாற்பது எடுத்தால் தேர்ச்சி. அவள் அழுவாள் என்று காத்திருந்தார் போலும். அவளோ தாளில் குதிரை மூக்கின் ஓரத்தில் நிழல் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றினார், விரலை மடக்கி எதையோ எண்ணினார், வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

மணி அடித்தது. ரப்பர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் தாளில் குதிரையே இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த குதிரைக்காரரின் கை மட்டும் இருந்தது. புடைத்த நரம்பும், வெட்டாத நகமும், இறுக்கத்தில் வெளுத்த கணுவும். கிறுக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கே இப்படி வராது என்று தோன்றியது. அதில் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருந்தது.

"இதை எனக்குக் குடுக்கிறியா? என் ஃபைல்ல வச்சுக்கிறேன்."

ரப்பர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "முடியாது டீச்சர். கட்டைவிரல் இன்னும் சரியா வரல."

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கும் வராது" என்றாள் ரப்பர். வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த குதிரைக்காரரின் பின்னால், கையைக் கொஞ்சம் காட்டச் சொல்லி ஓடினாள்.