செம்பிநாச்சி குடியின் இறங்காத கைகள்

செம்பிநாச்சி குடிக்கு மரைக்காயரைத் தெரிவு செய்வதற்காக மீரான்துறைப் பள்ளிவாசலில் தூக்கப்பட்ட கைகள் அதன்பிறகு இறங்கவில்லை. 1996ஆம் ஆண்டு, சிறுபோக வேளாண்மை வெட்டுக்கு வந்திருந்த மாதம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடந்த காரியம் இது. பழைய மரைக்காயர் மௌத்தாகி, இறந்த நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாயிற்று. அரிசி ஆலை மஜீட்டும் பலசரக்குக் கடை முகம்மது தம்பியும் போட்டிக்கு நின்றார்கள். முதலில் முகம்மது தம்பிக்கென்று கை தூக்கச் சொன்னார் பள்ளித் தலைவர். தூக்கினார்கள், எண்ணினார், இறக்கச் சொன்னார். ஒருவரும் இறக்கவில்லை. பகிடி பண்ணுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு மஜீட்டின் பெயரைச் சொன்னார். மஜீட் உட்பட மிச்சப் பேரும் தூக்கினார்கள். அவையும் அப்படியே நின்றுவிட்டன. எண்ணிய கணக்கும் குழம்பி, எந்தக் கை யாருக்குத் தூக்கியது என்று சொல்ல முடியாமற் போனதால் தெரிவு செல்லாது என்று அறிவித்துவிட்டுத் தலைவர் பகல் சாப்பாட்டுக்குப் போனார். அவர் வேறு குடி. அவருடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீரான்துறை என்பது கிழக்குக் கரையில் சாய்ந்தமருதுக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கிற சின்ன ஊர். இந்தக் கரையில் குடி என்பது தாய்வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை ஆகையால் புருசனும் பெண்சாதியும் எப்போதும் வேறு வேறு குடி. வீடுவளவும் பெண்ணின் பெயரில்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்த அன்றே உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போய்விடுவான். செம்பிநாச்சி என்ற மனுசி எந்தக் காலத்திலோ இங்கே வந்து பெற்ற பெண்மக்களின் வழியாகப் பெருகியதுதான் இந்தக் குடி. எல்லாம் பெண்வழி என்றாலும், குடிக்குத் தலைமை தாங்குகிற மரைக்காயரைத் தெரிவு செய்கிறபோது மட்டும் பெண் என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே பள்ளிக்கு நினைவில் வராது. நாட்டுத் தேர்தலில் இந்தப் பெண்கள் வரிசையில் நின்று வாக்குப் போட்டு எம்.பி.மார்களை உண்டாக்கினார்கள், கவிழ்த்தார்கள். மரைக்காயர் விசயத்தில் அவர்களை யாரும் கேட்டதில்லை, கேட்கவில்லையே என்று யாரும் வெட்கப்பட்டதுமில்லை.

தூக்கிய கையோடு வாழ்வது நினைத்ததைவிடக் கடினம். இறங்காதது வலது கை. இடது கையால் சாப்பிடுவதில்லை என்பதால் பெண்சாதிமார் ஊட்டிவிட வேண்டியிருந்தது. ஊட்டுகிறவளுக்குக் கோபம் என்றால் கவளம் பெரிதாக இருந்தது. சட்டை கழற்ற முடியாமல் கத்தரிக்கோல் வைத்தார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் ஒரு கையால் இழுத்ததில் வலை கோணிக்கொண்டு வந்து, அந்த வாரம் கல்முனைச் சந்தையில் கீரி மீன் விலை ஏறியது. சோதனைச் சாவடியில் முதல் நாள் இவர்களைப் பார்த்த சிப்பாய்கள் சந்தோசப்பட்டார்கள். சொல்வதற்கு முந்தியே கையை உயர்த்திக்கொண்டு வருகிறார்களே என்று. இரண்டாம் நாள் சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து எலும்பில் குற்றமில்லை என்றார்கள். காரைதீவு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவினார், லெவ்வை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். எண்ணெயும் தண்ணீரும் அக்குள் வழியாக வடிந்து போயின.

இந்த நாட்களில் ஊரிலே சிரிக்காமல் இருந்தவள் சபூறா. செம்பிநாச்சி குடிக்காரிதான், நாற்பது வயது, வாப்பாவும் இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை, மூன்று பிள்ளைகளும் பெண்கள். புருசன் மீராசா பாலமுனையிலிருந்து வந்து கலியாணம் முடித்தவன். 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டு, தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பக்கம் ஒருவர் போக அஞ்சிய கிழமையில், ஆற்றுக்கு அப்பால் இருந்த சவளக்கடை வயலுக்குப் போனவன் திரும்பவில்லை. அன்று வேறு சிலரும் திரும்பவில்லை. பாதை கொஞ்சம் திறந்ததும் அவரவர் குடி மரைக்காயர்மார் இராணுவக் காம்புக்குப் போய்க் கதைத்து அனுமதி எடுத்தார்கள். மஜீட்டின் உழவு மெசினில் ஏறிப் போய்த் தேடி, கிடைத்தவர்களைக் கொண்டுவந்து அடக்கினார்கள். மீராசாவின் குடி பாலமுனையில் இருந்தது. அங்கிருந்து வரப் பாதை இல்லை. சபூறாவின் குடியில் அவளுக்காக மரைக்காயரிடம் போய்ச் சொல்லக் கூடப்பிறந்த ஆண் இல்லை. புறப்பட நின்ற மெசினைப் பிடித்துக்கொண்டு அவளே கேட்டாள். “மரைக்காயர் செல்லாம நான் என்னெண்டு அந்தப் பக்கம் விடுற?” என்று மஜீட் சொன்னார். மரைக்காயர் சொல்லாமல் மெசின் போகாது என்றதில் பொய் ஒன்றும் இல்லை. மெசின் போய்விட்டது.

அதன்பிறகு ஆறு வருசம் அவள் விதவையும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை. கலியாண வீட்டுக்கு நிறச்சேலை உடுத்துப் போனால் ஒரு கதை, போகாவிட்டால் ஒரு கதை. செத்தவனுக்கு ஓதுகிற கத்தம் ஓதவும் மனம் வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் புருசனைத் தேடிப் போகக்கூடிய ஒரு மரைக்காயர். அது யாராக இருந்தாலும் சரி. அந்த ஒருவரைக் கேட்கிற இடத்தில் தனக்கு நிற்க இடமில்லை என்பது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

கை விசயத்தில் முதலில் வழி கண்டவர் கரைவலைக்காரர் அப்துல் கபூர். ஒருநாள் பெண்சாதி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, “என்னைக் கேட்டிருந்தா நான் முகம்மது தம்பிக் காக்காவுக்குத்தான் தூக்கியிருப்பன்” என்று கையை உயர்த்திக் காட்டினாள். பெண்களைக் கேட்காததுதான் குற்றமோ என்று கபூர் ஆவலோடு தன் கையைப் பார்த்தார். அது அசையவில்லை. இந்தக் கதை பரவி, எல்லா ஆண்களும் பெண்சாதிமாரைக் கெஞ்சிக் கை தூக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. பெண்சாதி வேறு குடி என்பது இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் கபூர் தன் தங்கச்சி ஸம்றாவின் வீட்டுக்கு வேறொரு அலுவலாகப் போனபோதுதான் விசயம் வெளித்தது. ஸம்றா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். “உம்மாட குடிக்கு மரைக்காயர் வைக்கப் போய், உம்மாட மகளைக் கேக்காம வந்தீங்களே!” என்று அவள் கையைத் தூக்கிப் பேசியதும் கபூரின் கை மெதுவாக இறங்கி மடியில் வந்து விழுந்தது. அவர் அழுதேவிட்டார். அன்றைக்கு மத்தியானம் செம்பிநாச்சி குடியின் ஆண்கள் பெண்சாதி வீடுகளை விட்டு உம்மா வீடுகளுக்கும் ராத்தா, தங்கச்சி வீடுகளுக்கும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கைகள் மட்டும் தொங்கவில்லை.

கேட்க உம்மாவோ கூடப்பிறந்தவளோ இருந்த எல்லாருக்கும் இறங்கியது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எல்லாருக்கும் மறுபடி எழும்பிவிட்டது. திரும்பி ஓடிவந்து கேட்ட கபூரிடம் ஸம்றா, “ஊட்டில கேட்டா ஊட்டுக்குள்ளதான் இறங்கும் காக்கா. பள்ளியில போய்க் கேளுங்க” என்றாள்.

பள்ளி நிருவாகம் கூடியது. பெண்கள் பள்ளிக்கு வருவதா என்று கொஞ்சப் பேர் கொதித்தார்கள். ஆனால் கொதித்தவர்களில் பாதிப்பேருக்குக் கை மேலே நின்றதால், எதிர்க்கிறார்களா ஆதரிக்கிறார்களா என்று தலைவருக்கு விளங்கவில்லை. மௌலவி கிதாபுகளைப் புரட்டிவிட்டு, மரைக்காயர் தெரிவில் பெண் கை தூக்கக்கூடாது என்று எங்கும் இல்லை, தூக்கலாம் என்றும் இல்லை, ஏனென்றால் கிதாபு எழுதியவர்கள் மீரான்துறைக்கு வந்ததில்லை என்றார். வயலில் கதிர் முற்றிக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் வேளாண்மை வெட்ட முடியாது. பள்ளிக்குள்ளே வேண்டாம், வெளிமுற்றத்தில் திரை கட்டி வைப்போம் என்று முடிவாயிற்று. குடியில் உள்ள ஒவ்வொரு ஆணும் தன் உம்மாவையும் கூடப்பிறந்த பெண்களையும் அழைத்து வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, சபூறாவைத் தவிர.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் சேலைகளை முடிந்து திரை கட்டினார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். முகம்மது தம்பியின் பெயரைச் சொன்னதும் திரைக்கு மேலே கைகள் எழுந்தன. வளையல் போட்ட கை, மருதோன்றிக் கை, கறி மஞ்சள் காயாத கை, சுருங்கி நடுங்குகிற கை. ஒவ்வொரு கை எழும்பும்போதும் இந்தப் பக்கம் ஒரு மகனுடையதோ காக்கா தம்பியுடையதோ கை இறங்கியது. பிறகு மஜீட்டின் பெயர். அப்போதும் அப்படியே. யார் யாருக்குத் தூக்கினாள் என்பதைப் பற்றி அந்தக் கைகளுக்கு அக்கறை இருக்கவில்லை. கேட்டது போதும் என்று இறங்கின. சிலர் கையை உதறிப் பார்த்தார்கள், ஒருவர் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஆண்களுடையதையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு இரண்டு பேருக்கும் ஒட்டி ஒட்டி வந்து நின்றது. முற்றத்தில் ஒரே ஒரு கை மட்டும் இன்னும் மேலே இருந்தது. அது மஜீட்டின் கை. அவருக்கு உம்மா மௌத்து, கூடப்பிறந்த பெண் இல்லை.

பள்ளி மதிலுக்கு வெளியே சபூறாவும், அவளைப்போல எந்த ஆணுக்கும் உம்மாவாகவோ தங்கச்சியாகவோ இல்லாத இன்னும் சில பெண்களும் நின்றிருந்தார்கள். அழைத்து வர ஆணில்லாதவர்களை அழைக்க ஒலிபெருக்கி மறந்திருந்தது. மஜீட் அவர்களைப் பார்த்தார். சபூறா உள்ளே வந்தால் தன் பெயருக்குக் கை தூக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மெசினைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய முகம் ஆறு வருசமாக அவருக்கும் மறக்கவில்லை. மதிலடிக்கு நடந்தார்.

“சபூறா, நீயும் எண்ட குடிதானே. எனக்கு நீ தங்கச்சிதான். உள்ள வா. வந்து கையத் தூக்கு. எனக்குத்தான் தூக்கணும் எண்டு இல்ல.”

அவள் உள்ளே வந்தாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். சபூறா திரைக்குப் பின்னால் போகாமல் முற்றத்தின் நடுவிலேயே நின்று, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள்:

“எண்ட மனிசனைத் தேடிச் சவளக்கடைக்கு ஆரு போறதோ அவருக்குத்தான் நான் தூக்குவன். அது ஆரெண்டு முதல்ல செல்லுங்க.”

முகம்மது தம்பி பின்னால் ஒதுங்கினார். அவர் நல்ல மனிதர், ஆனால் சவளக்கடைக்கு ஆற்றைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதிக்கு அந்தப் பக்கம் போவதென்றால் அந்த ஆண்டுகளில் நல்ல மனிதர்களுக்கும் பயம். மஜீட்டுக்கும் பயம்தான்.

“நான் போறன். அண்டைக்கே போயிருக்கணும்” என்றார். “போகல்ல, தங்கச்சி.”

சபூறா கையைத் தூக்கினாள். அவளோடு வந்தவர்களும் தூக்கினார்கள். மஜீட்டின் கை இறங்கியது, அவர் மரைக்காயரானார். முகம்மது தம்பிதான் முதலில் வந்து முஸாபஹா செய்தார். அத்தனை நாள் மேலே நின்ற கையைப் பிடித்தபோது அது குளிர்ந்து போயிருந்தது என்று அவர் பிறகு சொல்வதுண்டு.

காம்பில் அனுமதி எடுத்து மஜீட் உழவு மெசினில் போனார். மீராசாவின் வயலுக்கு அடுத்த வயல் தமிழரான கனகரெத்தினத்தினுடையது. மெசின் சத்தம் கேட்டதும் அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் வந்து நின்றார். ஒருவரும் எதுவும் கேட்பதற்கு முன்னமே, வரம்போரம் ஒரு பாய் அகலத்துக்கு உழாமல் விட்டிருந்த இடத்தைக் காட்டினார்.

“நான்தான் மூடினன், முதலாளி. ஆர்ட்டப் போய்ச் சொல்ற? ரோட்டெல்லாம் அடைச்சிக் கிடந்த. கேட்டு ஆரும் வருவாங்க எண்டு பாத்திட்டுத்தான் இருந்தன், ஒருத்தரும் வரல்ல. உங்கட ஆக்கள் மேற்க பாத்துத் தொழுவீங்க எண்டு தெரியும். அதால முகத்த அந்தப் பக்கம் திருப்பி வச்சன்.”

மஜீட் அந்த இடத்தில் குந்தினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மண்ணை விலக்கினார்கள். ஊருக்குக் கொண்டுவந்ததும், சாரத்தில் மிச்சமிருந்ததையும் அகலமான இடுப்பு வாரையும் சபூறா பார்த்து, ஓம், இவர்தான் என்றாள். மீரான்துறை மையவாடியில் முழு ஊரும் நின்று அடக்கியது. கனகரெத்தினம் வாசல்வரை வந்து வெளியே நின்றார். மஜீட் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

அடுத்தடுத்த வருசங்களில் மற்றக் குடிகளும் பெண்களைக் கேட்டே மரைக்காயர் வைத்தன. ஏன் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. மழைக்கு முன் கூரை வேய்வதுபோல அது ஒரு முன்யோசனையாகிவிட்டது. ஒலிபெருக்கியில் இப்போது குடியின் பெண்கள் எல்லாரும் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகக் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வருகிற மாப்பிள்ளைமாருக்கு விசயத்தைச் சொன்னால், அவர்களும் தங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள்.

மீராசாவை அடக்கிய மறுநாள் காலையில் சபூறா வெள்ளை உடுத்து, புருசன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கிற இத்தாவை இருக்கத் தொடங்கினாள். கேள்விப்பட்டு மௌலவி வந்து வாசலில் நின்று, இத்தாவின் நாட்கள் மௌத்தான நாளிலிருந்தே கணக்கு, அவளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்று தன்மையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது கிதாபின்படி சரிதான்.

“எனக்கு அவரு நேத்துத்தான் மௌத்தான, மௌலவி” என்று உள்ளேயிருந்து சபூறா சொன்னாள்.

மௌலவி செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சபூறா நாலு மாதமும் பத்து நாளும் இருந்தாள். குடியின் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனார்கள்.