நுனிப் பழத்தின் விலை

1

2005ஆம் ஆண்டு மே 28, சனிக்கிழமை, மாலை நான்கு பத்து, கம்பத்தில் தூறல்.

(முதல் வரைவில் ‘மழை’ என்று எழுதியிருந்தேன். கடைவாசலில் நின்ற எவரும் குடையை விரிக்கவில்லை. ஆகவே தூறல்.)

இக்கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அன்று பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கச் சென்றேன். மொத்த வியாபாரி உமர் பாருக், பழத்தைத் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரி தராசு முள்ளைப் பார்க்கவில்லையெனில் அங்கே ஒரு கதை இருக்கிறது. எனக்கு நூறு கிராம் கூடுதலாகக் கிடைத்தது. கதை அதற்கு மேல்.

2

தொடக்கம் அமையவில்லை.

‘மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று, கல்வி என்னும் கனவைச் சுமந்தபடி —’

காற்று எதையும் சுமக்கவில்லை. கைவிட்டேன்.

‘ஷர்மின் என்ற அந்த அழகிய —’

அவள் தோற்றத்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. இதையும் கைவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் வெறும் செய்தி. அதுவே நின்றது: உமர் பாருக்கிடம் ஆறு லட்ச ரூபாய் இருந்தது. அந்தப் பணத்தை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் காமயகவுண்டன்பட்டி பொன்னுராஜ். கல்தூணும் கம்பிப் பந்தலுமாக ஓர் ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை அவர் விற்கவிருந்தார். மற்றவர், பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்திருந்த உமர் பாருக்கின் மகள் ஷர்மின். அவளுக்குத் தொலைவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்க விருப்பம். நான்காண்டுக் கட்டணமும் விடுதியும் நாலரை லட்சம். நன்கொடை ஒன்றரை லட்சம்.

சனிக்கிழமை மாலைக்குள் கையெழுத்து வராவிட்டால் தோட்டம் தேவாரம் என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் போய்விடும். பல்கலைக்கழக இடமும் அன்றோடு வேறொருவருக்குப் போய்விடும். பொன்னுராஜ் கடைக்குள் ஸ்டூலில் அமர்ந்து காத்திருந்தார்.

3

வியாழக்கிழமையன்று நடந்ததைச் சொல்லாமல் சனிக்கிழமையைத் தொடர இயலாது. அன்று தந்தையும் மகளும் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஷர்மின் சொல்ல, அவள் அத்தா உமர் பாருக் இடைமறித்துத் திருத்த, இரண்டு கூற்றுகளையும் ஒப்பிட்டு இப்பகுதியை எழுதுகிறேன்.

இப்பள்ளத்தாக்கில் பந்தலுக்கு விலை வைப்பவர் ஓரத்துக் கொத்துகளைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் வெயில் நன்றாக விழும், பழமும் இனிக்கும். விற்பவர் அதைத்தான் காட்டுவார். வாங்குபவர் குனிந்து பந்தலின் நடுப்பகுதிக்குப் போய், ஒரு கொத்தின் நுனியில் தொங்கும் கடைசிப் பழத்தைக் கிள்ளி வாயில் போடுவார். ஒரு கொத்தில் இறுதியாகப் பழுப்பது அதுதான். அது இனித்தால் தோட்டமே இனிக்கும். புளித்தால் விலை குறையும்.

பல்கலைக்கழகச் சுவரில் பெரிய எழுத்தில் ‘படித்து முடித்ததும் வேலை, சம்பளம் மூன்று லட்சம்’ என்று இருந்தது. உமர் பாருக் சேர்க்கை அதிகாரி சொர்ணலதாவிடம் பணிவாகக் கேட்டார்.

“மேடம், இந்த மூணு லட்சம் வெள்ளாமைக்குத்தானே?”

“எந்த வெள்ளாமை? வருஷத்துக்கு.”

உமர் பாருக் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். திராட்சை ஆண்டுக்கு மூன்று முறை வெட்டப்படும். வருமானத்தை ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று சொல்வதே இங்கே வழக்கம். மார்ச் மாதம் விளம்பரத் தாளைப் பார்த்த நாள் முதல் அவர் மூன்றை மூன்றால் பெருக்கி வைத்திருந்தார். மகளின் படிப்புக்கு அவர் காட்டிய உற்சாகம் முழுவதும் அந்த ஒன்பது லட்சத்தின் மீது கட்டப்பட்டிருந்தது.

“பாத்தியாத்தா,” என்றார் மகளிடம். “இதுக்குத் தோட்டமே தேவல.”

“அத்தா, ஓரத்துக் கொத்தப் பாத்துட்டு வேண்டாம்னுகூடச் சொல்லக்கூடாது. நடுவுல போயிப் பாப்போம்,” என்றாள் ஷர்மின்.

4

அவர்கள் கேன்டீனுக்குப் போனார்கள். “இங்கன ரொம்ப அரியர் வச்சிருக்கது யாரு?” என்று ஷர்மின் கேட்டதும், நான்கு மேசைகளிலிருந்து விரல்கள் ஒரே திசையில் நீண்டன.

“நான்தான். பதினொண்ணு,” என்றான் அந்த இறுதியாண்டு மாணவன். “யாரு கேக்குறது?”

“கம்பத்துலருந்து வாரோம்.”

“நான் ராயப்பன்பட்டி, ஜஸ்டின். உக்காருங்க பாய். ஏலே, மூணு டீ சொல்லு.”

(ஜஸ்டின்மீது எனக்கு ஐயம் இருந்தது. கதைக்குத் தேவையான இடத்தில் தேவையான ஆள் வந்து அமர்வது செயற்கையாகத் தோன்றும். நம்பகத்தன்மைக்காக அரியரை ஏழாகக் குறைத்தேன். வரைவைக் கேட்ட உமர் பாருக், “பதினொண்ணுங்க. கொறைக்காதீக, அந்தப் பையன் வருத்தப்படுவான்” என்றார். பதினொன்றே இருக்கட்டும்.)

“சுவத்துல மூணு லட்சம்னு எழுதிருக்காகளே, அது நெசமா?” என்று ஷர்மின் கேட்டாள்.

“நெசந்தான். நாலு பேருக்கு. மத்தவுகளுக்கு மாசம் எட்டாயிரம். அதுல அஞ்சாயிரம் மெட்ராசுல ரூம்புக்கும் சோத்துக்கும் போயிரும். எனக்கு அதுவும் இல்ல.”

“அப்ப சேர வேண்டாங்கிறீகளா?”

“அப்படி யாரு சொன்னா? வாத்தியாருக நல்லாத்தான் நடத்துறாக. நான்தான் கேக்கல. லேப்பு நாள் பூராத் தெறந்துதான் கெடக்கும், எந்தப் பக்கம்னுதான் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, நன்கொடை மட்டும் குடுத்துறாதீக. எங்கப்பா குடுத்தாக. இன்னைக்கு வரைக்கும் ரசீது வரல.”

டீக்கான காசையும் ஜஸ்டினே கொடுத்தான்.

5

ஷர்மின் நேராகச் சொர்ணலதாவின் அறைக்குத் திரும்பினாள்.

“மேடம், உங்க நுனிப் பழம் புளிக்குது.”

“என்னம்மா?”

“பாஸானவுகளுக்கே நிச்சயம்னு சொல்ல முடிஞ்சது மாசம் எட்டாயிரந்தான். மூணு லட்சத்துக்குச் சொன்ன விலைய நாங்க எப்படிக் குடுக்குறது? நன்கொடைய எடுத்துருங்க. சேந்துக்கிறேன்.”

“இது காய்கறிச் சந்தை இல்லம்மா.”

“சந்தைன்னா ரசீது குடுத்திருப்பாக மேடம்,” என்றார் உமர் பாருக். தோட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டவரே ஆயினும், கண்ணெதிரே ஒரு பேரம் நடக்கும்போது சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

சொர்ணலதா ஷர்மினின் மதிப்பெண் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தார். நிர்வாகத்திடம் கேட்டுச் சனிக்கிழமை நான்கு மணிக்குமேல் தொலைபேசியில் சொல்வதாகக் கூறினார்.

6

நான்கரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. உமர் பாருக் கேட்டார், தலையசைத்தார், வைத்தார்.

“நன்கொடை வேண்டாமாம்.”

ஷர்மின் சிரிக்கவில்லை, அத்தாவின் விரல்களைப் பார்த்தாள். அவை மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. நாலரை லட்சத்தை, மாதம் மிஞ்சும் மூவாயிரத்தால் வகுத்தால் பன்னிரண்டரை ஆண்டு. தோட்டம் செலவு போக ஆண்டுக்கு அறுபதாயிரம் தரும். ஆறு லட்சம் பத்தாண்டில் திரும்பிவிடும்.

“தோட்டம் ரெண்டரை வருசம் முந்துதாத்தா,” என்றார் மகளிடம். குரலில் வெற்றி இல்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து அவர் மனைவி நசீமா தேநீருடன் வந்தார்.*

“ஏங்க, போன வருசம் சாம்பல் நோய் விழுந்து தோட்டக்காரவுக அழுதாகளே, அவுககிட்ட என்ன சொன்னீக?”

“கொடிய வெட்டிக் கவாத்துப் பண்ணிட்டு அடுத்த வெள்ளாமையப் பாக்கச் சொன்னேன்.”

“தோட்டத்துக்கு அடுத்த வெள்ளாமை உண்டு. இவளுக்கு மட்டும் முதல் வெட்டோட முடிஞ்சிருமா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

“எட்டாயிரத்தப் பன்னண்டரை வருசத்துக்கும் எட்டாயிரமாவே வச்சு வகுத்தீகள்ல. அதுக்கு என்ன பேரு?”

உமர் பாருக்கின் விரல்கள் நின்றன.

“நியாயந்தான்,” என்றார் ஸ்டூலில் இருந்த பொன்னுராஜ். பிறகு, தம் தோட்டத்துக்கு எதிராகவே பேசிவிட்டதை உணர்ந்து, டம்ளரை எடுத்துக்கொண்டார்.

* முதல் வரைவில் நசீமாவுக்குத் தேநீர் கொண்டுவருவதன்றி வேறு வேலை தரவில்லை. பாத்திரங்கள் மிகுதி என்று அவரை நீக்கவும் எண்ணினேன். நீக்கியிருந்தால் இக்கதையில் கணக்கை ஒழுங்காகப் போட ஆளே இருந்திருக்காது.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு முடிவுகள் ஆயத்தமாக உள்ளன.

ஒன்று: ஷர்மின் அந்த நால்வருள் ஒருத்தியாகி, முதல் சம்பளத்தில் அத்தாவுக்கு —

வேண்டாம். அந்த நால்வருக்காகச் சுவரே இருக்கிறது.

மற்றொன்று: வேலை கிடைக்காமல் திரும்பும் ஷர்மின், தேவாரத்துக்காரரின் தோட்டத்தைக் கடந்துசெல்லும்போது —

இதுவும் வேண்டாம். சேராதவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ள இதை எழுதுவார்கள்.

இதை 2010இல் எழுதுகிறேன். அவள் எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதப்போவதில்லை. அன்று அந்தக் கடையில் இருந்த எவருக்கும் அத்தொகை தெரியாது. அது தெரியாமல்தான் அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வாசகரும் அவ்வாறே இருக்கட்டும். விரும்பியவர் விரும்பிய தொகையை நிரப்பி வகுத்துக்கொள்ளலாம்.

நான் எழுதக்கூடியது இவ்வளவே. உமர் பாருக் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து மகள் பக்கம் தள்ளினார். மதிப்புப் போட்டவரே கையெழுத்திடுவது இத்தொழிலின் முறை. பின்னால் விளைச்சல் குறைந்தால் குறை சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

“மதிப்புப் போட்டது நீ. நீயே எழுது.”

“கொறைஞ்சு போச்சுன்னா, அத்தா?”

“கொறைஞ்சா நீயும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்.”

“நான் பேசுவேன்,” என்றார் நசீமா. “எனக்குக் கையெழுத்து இல்லைல்ல.”

ஷர்மின் எழுதினாள்: ‘தோட்டம் வேண்டாம். படிக்கப் போகிறேன்.’ தன் பெயரை முழுதாக எழுதினாள். உமர் பாருக் அதைப் படித்துவிட்டுக் கீழே தம் கையெழுத்தையும் இட்டார்.

பொன்னுராஜ் எழுந்து கையை நீட்டினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீட்டக் குடு பாப்பா. நாளைக்குத் தேவாரத்துக்காரர் தோட்டத்துக்கு வாராக. நீயும் அங்கன வந்து எம் பக்கம் நின்னு பேசேன்.”

“ஓரத்துக் கொத்தக் காட்டச் சொல்லக்கூடாது, மாமா.”

“சொல்லல, சொல்லல.”

மை உலரும்வரை ஊதிவிட்டு, ஷர்மின் சீட்டை அவரிடம் கொடுத்தாள்.